புகார் வராத வார்டு

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் புது மென்பொருளை வெளியிடக் கூடாது. எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். ஏதாவது கோளாறு என்றால் சனி, ஞாயிறில் சரிசெய்ய ஆள் கிடைக்காது. அந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், சார்.

வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் விசாரணைக்கு வந்தேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது மனைவி போன் செய்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிப் பேச்சு நின்றுவிட்டதாம். எங்கள் மருத்துவமனையிலேயே மேல்மாடி வார்டில் சேர்த்துவிட்டாளாம். பம்பில் மருந்து ஏறுகிறதாம். நீங்கள் வைத்த தண்ணீரை நான் தொடாததற்கு அதுதான் காரணம். என்னை இப்போதைக்கு விடமாட்டீர்கள் என்றும் தெரிகிறது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்துக்கு ஊர் ஊராக மருத்துவமனைகள். மருந்துச் சீட்டிலிருந்து, படுக்கையருகே மருந்தை அளந்து ஏற்றும் பம்பு வரை எல்லாவற்றையும் ஒரே மென்பொருள்தான் ஓட்டுகிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் மாற்றங்களைச் சேர்த்துவைத்து, எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் அனுப்புவார்கள். அன்றைக்கு அலுவலகம் சந்தைக்கடை. டாக்டர்கள் கத்துவார்கள், இயக்குநர் கத்துவார், கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம். அதை ஒழுங்குபடுத்தத்தான் என்னை நியமித்தார்கள்.

நான் செய்தது எளிது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். மாற்றத்தை முதலில் ஒரே ஒரு வார்டுக்கு மட்டும் அனுப்புவது. அங்கிருந்து புகார் வரவில்லை என்றால் மறுநாள் எல்லா இடத்துக்கும் அனுப்புவது. இயக்குநர் கைதட்டினார்.

எந்த வார்டு என்பதுதான் கேள்வி. குழந்தைகள் வார்டில் முயன்றோம். தாய்மார்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். அவசரப் பிரிவு டாக்டர் என் மேஜைக்கே வந்து சண்டை போட்டார். மேல்மாடியில், நெடுநாள் படுக்கையில் கிடப்பவர்களுக்கான வார்டு இருந்தது. பாதிப் பேருக்குப் பேச்சு வராது. பார்க்க வருகிறவர்களும் குறைவு. அதைத் தேர்ந்தெடுத்தேன். அதன்பின் எங்கள் வெளியீடு ஒன்றுகூடத் தடைபடவில்லை.

எங்கள் மென்பொருள் சோதனைப் பிரிவில் முன்னாள் நர்ஸ் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மட்டும் கேட்டார்: "புகார் வரலைங்கிறதும் பிரச்சனை இல்லைங்கிறதும் ஒண்ணா சார்? அடி பிடிச்சது மேல இருக்கிற சோத்துக்குத் தெரியாது."

நான் சிரித்தேன். நல்ல பெண்மணி, ஆனால் முட்டுக்கட்டை போடுவதே வழக்கம். வார்டு வார்டாகப் போய் நர்ஸுகளுக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டேன்.

அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, ஊழியர் குடும்பம் என்பதால் உடனே படுக்கை கிடைத்தது. கிடைத்த இடம் அந்த மேல்மாடிதான். பக்கத்துப் படுக்கையில் ஒரு கண்டக்டரம்மா. வாழ்நாளெல்லாம் பேருந்தில் கத்திய தொண்டை, பக்கவாதத்தில் அடைத்துப்போயிருந்தது. ஒரு கை மட்டும் அசையும். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க. இவளுக்கு நான்தான்டா வாய்" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் பம்பு மாற்றம் தயாரானது. மருந்துக் குழாய் அடைத்தால் பம்பு அலறும். ஒரே அடைப்புக்கு ஓயாமல் அலறுகிறது என்று நர்ஸுகள் சலித்துக்கொண்டார்கள். ஒருமுறை அணைத்தால் சற்று நேரம் சும்மா இருந்து, அடைப்பு நீங்காவிட்டால் மட்டும் மறுபடி அலற வேண்டும். அதுதான் மாற்றம். எழுதிய பையனைச் சுருட்டை என்போம், தலைமுடியால் வந்த பெயர். அவன் தயங்கிக்கொண்டே வந்தான்.

"சார், சில தடவை ரெண்டாவது அலாரம் அடிக்கவே மாட்டேங்குது. ஏன்னு புரியல."

"அதுக்குத்தானே முதல் வார்டு இருக்கு?" என்றேன்.

வெளியீட்டு நாள் காலையில் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகக் கையெழுத்துப் போட்டேன். டாக்டருக்குச் சம்மதமில்லை. வீட்டுச் சாப்பாடு உடம்பைத் தேற்றும் என்று சொன்னேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். பையை எடுத்தபோது கண்டக்டரம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது, மறைக்கவில்லை. அந்தக் கண்களைப் பார்க்காமல் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். மென்மையாகத்தான் விலக்கினேன்.

"இவளை ஒரு கண்ணு பாத்துக்கோடா" என்றாள் அம்மா, சக்கர நாற்காலியிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

சாயங்காலம் சிஸ்டர் போன் செய்தார். கண்டக்டரம்மாவின் குழாய் மடங்கியிருக்கிறது. பம்பு ஒருமுறை அலறியது. நர்ஸ் அணைத்துவிட்டு, சரியாகிவிட்டதென்று அடுத்த படுக்கைக்குப் போனாள். மறுபடி அலறவில்லை. இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்த மருந்து நின்றுபோயிருக்கிறது. நர்ஸ் திரும்பி வந்து பார்த்தபோது உயிர் இல்லை.

"யாராவது புகார் குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சார் குடுப்பா? அவங்களுக்குன்னு யார் இருக்கா?"

புகார் இல்லை. விதிப்படி மறுநாள் எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பினேன். அதன் பிறகு எங்கெங்கே யார் யார் செத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நர்ஸுகளின் கவனக்குறைவு என்று நிறுவனம் சொன்னது. நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த நர்ஸை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அம்மா தினமும் கேட்பாள், "கண்டக்டரு எப்படிடா இருக்கா?" நல்லா இருக்காங்கம்மா என்பேன்.

ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டாள். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்த புண்ணில் சீழ் வைத்ததை எங்களிடம் சொல்லவே இல்லை.

இப்போது என் அம்மாவுக்குப் பேச்சில்லை. மேல்மாடி. அதே பம்பு. மனைவி குழந்தைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பியிருப்பாள். சார், கடிகாரத்தை நான் ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று கேட்டீர்களே, அதனால்தான்.

மென்பொருளை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை; அது நன்றாகத்தான் ஓடுகிறது, புகார் ஒன்றும் இல்லை. அம்மா பக்கத்தில் மட்டும், கத்தத் தெரிந்த யாரையாவது உட்காரவையுங்கள்.