ரெண்டு தோளும் பட்டுச்சு

— சாசேஜ் ஆறுது உர்சினா, ரெண்டு வாய் தின்னு. கூடாரத்துக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்கிட்டா தீர்ப்பு மாறிடுமா?

— நான் ஒளியலப்பா. உங்க முகத்தைப் பாக்கப் பிடிக்காம வந்தேன். மோப்பம் பிடிச்சு வந்துட்டீங்க.

— கேளும்மா. கிடைக்காததைத் தாங்கிக்கறதும் ஒரு வித்தை. மல்யுத்தத்துல முதல்ல அதைத்தான் கத்துக்கணும். நான் முதல் வருஷம் முழுக்க வளையத்துல கொட்டின மரத்தூளைத்தான் தின்னேன்.

— எனக்குக் கிடைச்சுது. ரெகுலாவைத் தூக்கி மல்லாக்கப் போட்டேன். ரெண்டு தோளும் மரத்தூள்ல பட்டுச்சு. அவ ஆட்டத்துக்கு மாட்டின சாக்குக் கால்சட்டையில போட்ட பிடியை நான் விடவேயில்ல. ஜெயிக்க இதுக்கு மேல என்ன வேணும்?

— வளையத்துக்குள்ள நின்ன நடுவர் சமம்னு சொல்லியாச்சு.

— அந்த நடுவர் நீங்கதானே!

— கத்தாதே. ஜனங்க பீர் குடிச்சுக்கிட்டிருக்காங்க.

— குடிக்கட்டும். காதையா அடைச்சுக்கிட்டுக் குடிக்கறாங்க? என் மக ஆடுறா, வேற ஆளைப் பாருங்கன்னு நீங்க கமிட்டிக்குச் சொல்லியிருக்கலாம்ல?

— வரவேண்டிய ஆளு முதுகு பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாரு. இருபது வருஷமா என் மேல ஒருத்தன் விரல் நீட்டினதில்லம்மா. என்னால நேர்மையா நிக்க முடியும்னு நினைச்சேன்.

— சரி. என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. தோள் பட்டுச்சா?

— கேளும்மா, ஒழுக்கம்ங்கறது...

— பட்டுச்சா?

— பட்டுச்சு.

— ரெண்டுமா?

— ரெண்டும்தான். நீ ஜெயிச்சேன்னு நான் கையைத் தூக்கியிருந்தா என்ன ஆகும்? அப்பன் மகளை இறுதி ஆட்டத்துக்குத் தூக்கி விட்டான்னு பள்ளத்தாக்கு முழுக்கப் பேசும். அந்தப் பேச்சோட நீ ஆடணுமா?

— போன வருஷம் கூர் நகரத்து விழாவுல உங்க மகன், ரேட்டோ அண்ணனுக்கு நீங்கதான் நடுவர். அவன் எதிராளியைச் சாய்ச்சதும் சட்டுனு கையைத் தூக்கினீங்க. அப்ப பள்ளத்தாக்குக்கு வாய் இல்லையா?

— அது வேற.

— எப்படி வேற?

— அவன் ஜெயிச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நீ ஜெயிச்சா, எப்படி ஜெயிச்சான்னுதான் முதல்ல கேப்பாங்க. பொண்ணுங்க விஷயத்துல நாமதான் ரெண்டு மடங்கு சுத்தமா இருக்கணும்.

— ஓகோ. உங்க சுத்தத்துக்கு நான் துடைப்பமா?

— சூரிச்சுக்குப் படிக்கப் போனதுல இருந்து உனக்கு வாய் நீண்டுடுச்சு.

— வாய் அப்பவும் இருந்துச்சு. பயம்தான் போயிடுச்சு. ஆறு வயசுல இருந்து என்ன சொல்லி வளர்த்தீங்க? தோள் தரையில படாம கழுத்தைப் பாலமா வளைக்கப் பழகு. பலம் பத்தலன்னா புத்தியைப் போடு. பொய் சொல்லி ஜெயிக்காதே. எல்லாத்தையும் செஞ்சேன். ஊர் வாய்க்குப் பயந்து பொய் சொல்லலாம்னு ஒரு பாடம் இருந்திருந்தா, அதையும் அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கணும்.

— உர்சினா!

— சமம்னா புள்ளி கூட வச்சிருக்கற ரெகுலாதான் இறுதிக்குப் போவா. ஜோடியை அறிவிக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கு. கமிட்டி மேசைக்குப் போங்க. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அது போதும்.

— இருபது வருஷத்துல நான் ஒரு தீர்ப்பைக்கூட மாத்தினதில்ல.

— இருபது வருஷமா தப்பே பண்ணலையா, இல்ல பண்ணினதை ஒத்துக்கலையா?

— ஜோன் மாமா! இங்கதான் இருக்கீங்களா? நீங்க ரெண்டு பேரும் போடற சத்தம் கக்கூஸ் வரிசை வரைக்கும் கேக்குது.

— வா ரெகுலா. நல்ல ஆட்டம். போய் இறுதிக்குத் தயாராகு.

— எங்க தயாராகறது மாமா? மல்லாந்து கிடந்து வானத்தைப் பாத்தவ நான். மேகம் எத்தனைன்னு வேணா கேளுங்க, சொல்றேன். மேசைகிட்டப் போய் நான் தோத்துட்டேன்னு சொன்னேன். அதை நடுவர்தான் சொல்லணும், நீ போன்னு விரட்டிட்டாங்க. ஏய் உர்சினா, தோத்தவ முதுகுல ஒட்டின தூளை ஜெயிச்சவதானே தட்டிவிடணும்? நான் இன்னும் துடைக்கல. இந்தா முதுகு.

— இங்க வேண்டாண்டி. வா, வளையத்துக்கு நடுவுல நின்னு, மேசையில இருக்கறவங்க கண்ணு முன்னாடி தட்டறேன். அப்பா, நீங்களும் வாங்க. உங்க மக ஜெயிச்சதை ஊரோட சேர்ந்து நீங்களும் பாருங்க.