டிக்கியில் ஒட்டிய பெயர்கள்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் வண்டிப் படகில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. டிக்கியில் ஒட்டியிருந்த கல்யாண ஸ்டிக்கரை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மணமக்கள் பெயர் இரண்டும் உரிந்துவிட்டன. பசை மட்டும் போகவில்லை.

"சேகரு, பிளேடு இருந்தாக் குடு."

"பிளேடு போட்டா பெயிண்ட் கீறிப்போகும் அத்தான். தின்னரும் வேணாம். தேங்காண்ணெயத் தடவி அஞ்சு நிமிஷம் ஊற விடுங்க," என்றார் கூட வந்த மச்சினர்.

"அஞ்சு நிமிஷம் எங்க இருக்கு? ஃபிளைட் இறங்குற நேரமாச்சு. கட்டினவன் வேணாம்னு ஒத்தப் பெட்டியோட வர்ற பொண்ணு, இதையா மொதல்ல பாக்கணும்?"

"படகுக்காரன ஜல்தி ஓட்டுன்னு சொல்ல முடியுமா? பழந்துணியால மெதுவாத் தேய்ங்க."

எண்ணெயில் பசை இளகி, உருண்டு உருண்டு வந்தது. கடைசித் துணுக்கைத் துடைத்தபோது அவருடைய ஃபோன் அடித்தது.

"இறங்கிட்டியாம்மா? படகுலதான் இருக்கேன். கார்ல பேரு ஒட்டியிருந்துச்சுல்ல, அத எடுத்துக்கிட்டு..."

கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார்.

"என்னவாம் அத்தான்?"

"'எம்பேரையும் சேத்தா எடுத்துட்டீங்கப்பா'ன்னு சிரிக்கிறா."

"சிரிச்சுச்சா?"

"சிரிச்சா. ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான்."