வெள்ளிக்கிழமை நடை

கனகலட்சுமி: ...அதான் சொல்லுதேன் ஏஞ்சலு, இந்தச் சாரல் காத்துக்கே குடுத்து வச்சிருக்கணும். மேக்க மலைப்பக்கம் கருகருன்னு மூடிக் கெடக்கு. முந்தானை நிக்க மாட்டேங்கு.

ஏஞ்சல்: நீ குடுத்து வச்சவதான். இப்ப எங்கன போயிட்டிருக்க?

கனகலட்சுமி: தெற்கு ரத வீதி. பூக்கடைக்கு வந்துட்டேன். கொஞ்சம் இரு... ஏக்கா, பிச்சி ரெண்டு முழம் குடுங்க. வாரா வாரம் உங்க கை சுருங்கிட்டே போகுதே.

ஏஞ்சல்: அந்தக்கா என்ன சொல்லுதா?

கனகலட்சுமி: என்ன சொல்லுவா, ஏசுதா.

ஏஞ்சல்: போன்ல எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

கனகலட்சுமி: மெதுவா ஏசுதா. அம்மன் கோயிலுக்குப் போற ஆளுக நிக்காவல்லா.

ஏஞ்சல்: ம்... பதினோரு வருசமா இந்த மஸ்கட் ஆஸ்பத்திரில டெட்டால மோந்து மோந்து, எனக்குப் பூ வாசமே மறந்து போச்சு.

கனகலட்சுமி: அங்கன வெயிலு எப்படி?

ஏஞ்சல்: வெயிலா... நாப்பத்தஞ்சு டிகிரி இருக்கும்.

கனகலட்சுமி: அனுபவி. அன்னைக்கே சொன்னேன்லா. ஸ்டேசன்ல நின்னுகிட்டு, ஊரை விட்டுப் போறவளுக்குக் கூறு கெடையாதுன்னு.

ஏஞ்சல்: சொன்ன. ரயிலு கெளம்புற வரைக்கும் சொன்ன.

கனகலட்சுமி: நான் அசைஞ்சேனா? காலைல வாசல் தெளிக்கும்போதே பின்னால தறிச் சத்தம் ஆரம்பிச்சுருது. ஞாயித்துக்கிழமைன்னா அவரு பதினோரு மணிக்கே போயி மட்டன் பிரியாணி வாங்கிட்டு வந்துருதாரு. அந்த இலையப் பிரிக்கும்போது ஒரு ஆவி வரும் பாரு...

ஏஞ்சல்: போதும்ட்டி. அடுத்தது எங்கன?

கனகலட்சுமி: பஜ்ஜி வண்டி. அவன் இப்பத் தேரடிப் பக்கம் மாத்திட்டான், போன வாரம் சொன்னேன்லா. வாழைக்காய் பஜ்ஜி. கை சுடுது.

ஏஞ்சல்: ஒரு கடி கடி. சத்தமாவது கேக்கட்டும்.

கனகலட்சுமி: ...கேட்டுச்சா?

ஏஞ்சல்: பஜ்ஜி இப்படியா மொறுமொறுங்கும்? பிஸ்கட்டு மாதிரில்லா கேக்கு.

கனகலட்சுமி: நல்லா முறுக விட்டுட்டான்.

ப்ரியதர்ஷினி: அத்தை, லிஃப்ட் மறுபடியும் ரிப்பேராம். மாமா கீழதான் நிக்கறாங்க. பதினோரு மாடி, மெதுவா ஏறி வரச் சொல்லுங்க.

ஏஞ்சல்: யாருட்டி அது?

கனகலட்சுமி: பஜ்ஜி வாங்க வந்த பிள்ளை. போன்ல யார்கிட்டயோ பேசுதா.

ஏஞ்சல்: தேரடில லிஃப்டு போட்டுட்டாவளா?

கனகலட்சுமி: புதுசா ஜவுளிக்கடை வந்துருக்குல்லா. நாலு மாடி.

ஏஞ்சல்: பதினோரு மாடின்னுல்லா காதுல விழுந்துச்சு.

கனகலட்சுமி: ...ஊரு வளருதுட்டி.

ப்ரியதர்ஷினி: பஜ்ஜியா அத்தை? ஆசைன்னா சொல்லியிருக்கலாம்ல, போன்லயே ஆர்டர் போட்டிருப்பேனே.

ஏஞ்சல்: அந்தப் பிள்ளை இன்னும் அங்கனதான் நிக்கா போல.

கனகலட்சுமி: கூட்டம் ஜாஸ்தி. இரு, ஒதுங்கி வாரேன்... ஆங், சொல்லு.

ஏஞ்சல்: வரும்போது வீட்டப் பூட்டிட்டு வந்தியா?

கனகலட்சுமி: பூட்டாம வருவேனா?

ஏஞ்சல்: கேட்டையும் பூட்டுனியா?

கனகலட்சுமி: ஆமா. என்னட்டி இது, திருடி மாதிரி கேக்க?

ஏஞ்சல்: இல்ல, ஒரு மணி நேரத்துக்கு முன்னால பூட்டுன பூட்டுல இவ்வளவு துரு எப்படி ஏறும்னு பாக்கேன். கேட்டுக்கும் தூணுக்கும் நடுவுல சிலந்தி வேற வலை கட்டிக் குடும்பம் நடத்துது. உள்ள தென்னை ஓலை விழுந்து, நீ கோலம் போடுற இடத்தையே மூடிட்டு.

கனகலட்சுமி: ...ஏஞ்சலு, நீ எங்கன நிக்க?

ஏஞ்சல்: உன் வீட்டப் பாத்துகிட்டு நிக்கேன். நேத்தே வந்துட்டேன். நீ எங்கன இருக்க, கனகு?

கனகலட்சுமி: பள்ளிக்கரணை.

ஏஞ்சல்: மெட்ராஸா?

கனகலட்சுமி: இசக்கிராஜா வீட்டுல. மருமகளுக்குப் பிரசவம், மூணு மாசம் வந்து இருந்துட்டுப் போம்மான்னான். பதினாலு மாசம் ஆச்சு.

ஏஞ்சல்: உன் வீட்டுக்காரரு? ஊர்த் தண்ணி குடிக்கலைன்னா தூக்கமே வராதும்பாரே.

கனகலட்சுமி: அவரை அப்பார்ட்மெண்ட் சங்கத்துல செயலாளரா ஆக்கிட்டாவ. தண்ணி லாரிக்காரனை ஏசுறதுக்குன்னே காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்காரு. அந்தச் சந்தோசத்த விட்டுட்டு இனி அவரு எங்க வர?

ஏஞ்சல்: அப்ப முந்தானை நிக்க மாட்டேங்குன்னியே?

கனகலட்சுமி: பால்கனில நிக்கேன். காத்து அடிக்கத்தான் செய்யுது. கொசுவும் சேந்து வருது.

ஏஞ்சல்: ஞாயித்துக்கிழமை பிரியாணி?

கனகலட்சுமி: இங்கன ஒருத்தன் நம்ம ஊரு பேரைப் போட்டு, சங்கரன்கோவில் பிரியாணின்னு போர்டு வச்சிருக்கான். ஆசையா வாங்கிட்டு வந்தாரு. திங்கத் திங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிடலை. சாப்பிட்டுப் போயிப் படுத்துட்டோம்.

ஏஞ்சல்: பஜ்ஜி வண்டி தேரடிக்கு மாறுனது நெசம்தான். நேத்துப் பாத்தேன். அது உனக்கு எப்படித் தெரியும்?

கனகலட்சுமி: ஆட்டோ முகம்மது மைதீன் பாய்க்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை போன் போட்டுக் கேட்டுக்கிடுவேன். எந்தக் கடை மாறிருக்கு, எங்க ரோடு தோண்டிருக்குன்னு. கேட்டு எழுதி வச்சுக்கிடுவேன்.

ஏஞ்சல்: எழுதி வேறயா?

கனகலட்சுமி: நீ குறுக்குக் கேள்வி கேப்பியே.

ஏஞ்சல்: அவரு ஆட்டோலதான் ஸ்டேசன்ல இருந்து வந்தேன். கனகு வீட்டுக்கு விடுங்க பாய்னேன். பாவம், நாலு ரத வீதியையும் ரெண்டு ரவுண்டு சுத்துனாரு. பொறவுதான் உண்மையச் சொன்னாரு.

கனகலட்சுமி: எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுசன்.

ஏஞ்சல்: நான்தான் சொல்லாதீயன்னேன். பள்ளிக்கரணைல நின்னுகிட்டு நீ எப்படிப் பூ வாங்குதன்னு கேக்கணும்னு இருந்துச்சு.

கனகலட்சுமி: கோவமா?

ஏஞ்சல்: ஆமா. பொய்னு தெரிஞ்சு கேக்கேன், அப்பவும் பிச்சி மணக்கு. அதுலதான் கோவம்.

கனகலட்சுமி: முதல் வாரமே சொல்லிருக்கணும். ஸ்டேசன்ல அவ்வளவு பேச்சுப் பேசிட்டு, எந்த மூஞ்சிய வச்சுகிட்டுச் சொல்ல? பொறவு... நீ எங்கன போற, எங்கன போறன்னு கேக்கக் கேக்க, நானும் போற மாதிரியே இருந்துச்சுட்டி. வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் ஊர்ல இருந்தேன்.

ஏஞ்சல்: இரு, மூக்கச் சிந்திக்கிடுதேன்.

கனகலட்சுமி: அழுதியா?

ஏஞ்சல்: மூக்கடைப்பு. இங்கன நெசமாவே சாரல் அடிக்கு.

கனகலட்சுமி: எத்தனை நாள் லீவு?

ஏஞ்சல்: அது கெடக்கு.

கனகலட்சுமி: சொல்லுட்டி. நாளைக்கே பொதிகை ரயில்ல ஏறி வாரேன். பிள்ளைய மருமக ரெண்டு நாள் பாத்துக்கிடட்டும். நான் வாரது வரைக்கும் இருப்பியா?

ஏஞ்சல்: இருப்பேன்.

கனகலட்சுமி: ஆனா ஒண்ணு. லீவு முடிஞ்சதும் ஒழுங்காக் கெளம்பிரு. நான் சொன்னதையெல்லாம் நம்பிக் கிறுக்குத்தனம் எதுவும் பண்ணிராத.

ஏஞ்சல்: என்ன கிறுக்குத்தனம்?

கனகலட்சுமி: ஊர்லயே இருந்துருவோம்னு ஒரு நெனப்பு வரும் பாரு, அது. குழாத்தண்ணி எப்ப வரும்னு வழி பாத்துக் கெடக்கணும். சித்திரை வெயில்ல ரோட்டுத் தாரு செருப்புல ஒட்டும். பெரிய டாக்டரைப் பாக்கணும்னா திருநவேலிக்கு ஓடணும். உனக்கு அங்கன ஏ.சி. ரூமு, நல்ல சம்பளம், மரியாதையான வேலை. அதெல்லாம் லேசுல கெடைக்குமா?

ஏஞ்சல்: அப்ப நல்லதுன்னு ஊர்ல ஒண்ணுமே இல்லையா?

கனகலட்சுமி: நெறைய இருக்கு. தள்ளி இருந்து நெனைச்சா.

ஏஞ்சல்: ஓ.

கனகலட்சுமி: இன்னும் தெருவுலயா நிக்க? சாரல்ல நனையாத, எதுத்த வீட்டு வாசல்ல ஒதுங்கு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ, வாடகைக்குன்னு போர்டு தொங்கிகிட்டு ரெண்டு வருசமா காலியாத்தான் கெடக்கு. மேக்க பாத்த வீடு, சாயங்கால வெயில் நேரா அடுப்படிக்குள்ள வந்து உக்காந்துக்கிடும். அதுக்கு எந்தக் கிறுக்கி குடி வருவா?

ஏஞ்சல்: அந்தக் கிறுக்கி நான்தான்ட்டி. மஸ்கட் வேலைய விட்டுட்டு, இனி உன் கண்ணு முன்னாலயே இருக்கலாம்னு போன மாசமே பேசி முடிச்சுட்டேன். இன்னைக்குக் காலைலதான் பால் காய்ச்சுனேன்.