இரண்டு வெடிக்கு அர்த்தம் கேட்டவருக்கு

மடிக்கேரி சட்ட உதவி அலுவலகத்தின் தலைமை வழக்கறிஞராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி வாரிஜா உடுபா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நெகிழ்ந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

வாதத்தில் வல்லவரே! வறியோரின் வாயானவரே! கைவிலங்கோடு வந்தவனையும் கைகுவித்து வரவேற்ற கருணையே! கொலை வழக்கு என்றதும் ஊரே பத்தடி விலகி நிற்க, நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் அமர்ந்த நெஞ்சுரமே! கடலோரத்தில் பிறந்து, எங்கள் மழைக்கும் அட்டைக்கும் அஞ்சாமல் மலையேறி வந்து, முப்பது ஆண்டுகள் எங்களுள் ஒருவராய் வாழ்ந்த பெருமாட்டியே! தங்களை வணங்குகிறோம்.

இந்த நடையில் இன்னும் இரண்டு பக்கம் எழுதத்தான் உத்தரவு. ஆனால் எழுதும் தட்டச்சர் பொன்னவ்வாவாகிய எனக்கு, "பொன்னவ்வா, சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாடி" என்று நீங்கள் அதட்டுவது இப்போதே காதில் விழுகிறது. ஆகவே வருகிறேன்.

பேரன்புடையீர்! சிறைக்குப் போன மகனுக்காகவும் கணவனுக்காகவும் அழுதபடி நம் படியேறி வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு முதலில் காப்பி, பிறகு உங்கள் டப்பாவிலிருந்து ஒரு கை அவல், அதன் பிறகுதான் சட்டம். நீங்கள் அவர்களுக்குச் சொல்லும் அந்தப் பாடத்தை நாங்கள் தூக்கத்திலும் ஒப்பிப்போம்:

"செத்தது ஒரு உசுருதான். ஆனா செஞ்சவன் மனசுல என்ன இருந்துச்சுன்னுதான் சட்டம் கேக்கும். கொல்லணும்னே செஞ்சிருந்தா அது கொலை. எதிராளி சட்டுனு சீண்டிவிட்டு, ஆத்திரத்துல கை மீறிப்போச்சுன்னா அதுக்கு வேற பிரிவு, தண்டனை குறையும். கவனக்குறைவால நடந்தா இன்னும் குறையும். தன் உசுரைக் காப்பாத்திக்கச் செஞ்சிருந்தா குத்தமே இல்லாமப் போகலாம். இதுல எது நமக்கு லாபம்னு பார்த்துக் கதை கட்டாதீங்க. நடந்ததைச் சொல்லுங்க, அது எதுல சேருதுன்னு நான் பாக்குறேன்."

அந்தச் சொல்லுக்கு நீங்களே உண்மையாக நின்றதற்கு ஒரு வழக்கைச் சொன்னால் போதும். நாச்சப்பா வழக்கு.

விடிகாலையில் வயலில் பன்றி இறங்கியதென்று நாச்சப்பா துப்பாக்கியோடு போனார். காப்பிச் செடிக்குப் பின்னால் அசைந்ததைச் சுட்டார். விழுந்தது அவருடைய பெரியப்பா பெள்ளியப்பாவின் ஒரே மகன் உத்தய்யா. அதற்கு முந்திய வாரம்தான் அண்ணன் தம்பி இருவரும் வேலித் தகராறில் ஊர் கேட்கச் சண்டை போட்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர், மூன்று முறை வெடிச்சத்தம் கேட்டதாகச் சாட்சி சொன்னார். தரையில் கிடந்ததும் மூன்று தோட்டாக் கூடு. துப்பாக்கியோ இரட்டைக் குழல்.

அரசு வழக்கறிஞர் ஷரணப்பா விடுவாரா? வடகோடிக் கலபுரகி வெயிலில் காய்ந்த குரலில் மன்றம் அதிர முழங்கினார். "கை தவறிச் சுட்டவன் ஐயோன்னு ஓடி வருவான் கனம் நீதிபதி அவர்களே! இவன் மறுபடி தோட்டா போட்டுச் சுட்டிருக்கான். காயம் ஒண்ணுதான்னா மத்த ரெண்டும் குறி தப்பியிருக்கு. இது கொலை!"

நாச்சப்பாவோ, "நான்தான் கொன்னேன், எழுதிக்கோங்க" என்பதைத் தவிர வாய் திறக்கவில்லை. அவர் மைத்துனர் நம் அலுவலகத்துக்கு வந்து யோசனை சொன்னார். "மேடம், உத்தய்யா கத்தியோட வெட்ட வந்தான்னு சொல்லிடலாம். தற்காப்பு ஆயிடும். செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னா சொல்லப் போறான்?"

நீங்கள் அவரைத் திட்டவில்லை. நேரே சிறைக்குப் போய், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடமே அதைக் கேட்டீர்கள்.

"அவன் வெறுங்கையோடதான் இருந்தான் மேடம். அவனும் பன்னி விரட்டத்தான் வந்திருக்கான். செத்தவன் மேல பழியப் போட்டு எனக்கு விடுதலை வேண்டாம்."

வெளியே வந்து குடையை விரித்தபடி என்னிடம் சொன்னீர்கள்: "இவன் கொலைகாரன்னா நான் கறுப்புக் கோட்டைக் கழட்டி மாட்டிட வேண்டியதுதான்." ஆனால் அந்த மூன்றாவது தோட்டாவுக்குப் பதில் உங்களிடமும் இல்லை. பதில் இல்லாவிட்டால் ஆயுள் தண்டனை என்பது இருவருக்குமே தெரியும்.

பிறகு சம்பவ இடத்தைப் பார்க்க நாம் போன நாள். வழியில் டீக்கடையில் நின்றோம். பக்கத்துக் குன்றிலிருந்து அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும்தான். நீங்கள் மட்டும் கடம்புட்டு அரிசி உருண்டையைப் பிட்டபடி, "இங்கேயும் பன்னித் தொல்லையா?" என்றீர்கள்.

"பன்னிக்கு இல்ல மேடம். யாரோ போயிட்டாங்க. சாவுன்னா ரெண்டு வெடி வைக்கணும்ல?" என்றேன் நான்.

கையிலிருந்தது இலைக்கே திரும்பிப் போனது. "இத்தனை வருஷமா இது எல்லாம் பன்னிக்குன்னு நெனச்சுட்டு இருக்கேன். ஏண்டி, ஒருத்தி கூடச் சொல்லல?"

அம்மா, எப்படிச் சொல்வோம்? சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே! அலுவலகத்தில் பாதிப்பேர் குடகர்கள். மூன்று வெடி, மூன்று வெடி என்று மன்றத்தில் அத்தனை முறை கேட்டும், அது ஒன்றும் இரண்டும் என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலமே சிறைவாசலில் மறுபடி நின்றோம். "ஏம்ப்பா, கடைசி ரெண்டும் சாவு வெடின்னு ஏன் சொல்லல?" என்றீர்கள்.

"இதுல சொல்ல என்ன இருக்கு மேடம்? சாவுக்கு ரெண்டு வெடின்னு தெரியாதவங்க யாரு?"

"எனக்குத் தெரியாது. நீதிபதிக்குத் தெரியாது. உன்னைப் பிடிச்ச இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. உன் தலையெழுத்த எழுதற யாருக்குமே தெரியாதுடா!"

இதை நாச்சப்பாவே மன்றத்தில் சொல்லட்டும் என்றோம் நாங்கள். நீங்கள் மறுத்தீர்கள். "அவன் வாயால வந்தா அது சாக்கு. அரசுத்தரப்புச் சாட்சி வாயால வந்தாத்தான் உண்மை." அரசுத்தரப்பில் மிச்சமிருந்த சாட்சி, மகனைப் பறிகொடுத்த பெள்ளியப்பா. பெற்ற தகப்பனிடமா கேட்பது, அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாம் போயிற்றே என்று நாங்கள் பதறினோம். நீங்கள் அன்று அவல்கூடச் சாப்பிடவில்லை.

அந்தக் குறுக்கு விசாரணையில் நீங்கள் குரலை உயர்த்தவே இல்லை.

"மூணு வெடியும் ஒண்ணாவா கேட்டீங்க ஐயா?"

"இல்லம்மா. முதல்ல ஒண்ணு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் ரெண்டு, ஒட்டினாப்பல."

"முதல் வெடி கேட்டப்ப என்ன செஞ்சீங்க?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். காட்டினேன்."

"அந்த ரெண்டைக் கேட்டப்ப?"

"வாளியப் போட்டுட்டுக் கிளம்பினேன். யாரு வீட்ல சாவுன்னு பாக்க."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "சாவுன்னு எப்படித் தெரியும்?"

"என்ன சாமி இப்படிக் கேக்குறீங்க? ஆம்பளப் புள்ள பொறந்தா ஒண்ணு, செத்தா ரெண்டு. வானத்தப் பாத்து வைப்போம். ஊருக்கு வேற எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. அந்த இரண்டு வெடியைக் கேட்டு ஓடியவர், அதை வைத்தவர் யாரென்று அந்த நாள் வரை யோசித்ததே இல்லை. குற்றவாளிக் கூண்டின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"டேய் நாச்சப்பா. என் பையனுக்கு வெடி வெச்சது நீயாடா?"

நாச்சப்பா அன்றுதான் அழுதார். "அங்க வேற யாரு இருந்தா, பெரியப்பா?"

கொலை செய்தவன் ஊரைக் கூப்பிடுவானா என்று நீங்கள் வாதாட வேண்டியிருக்கவில்லை. "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தீர்கள். கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கவனக்குறைவால் மரணம் என்று தீர்ப்பாகி, உள்ளே கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு நாச்சப்பா வீடு திரும்பினார். துப்பாக்கியை அதற்குப் பின் அவர் தொடவில்லை.

அடுத்த வருடம் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெண்ணுக்கு வெடி வைக்கும் வழக்கமும் இல்லை, வைக்க அந்த வீட்டில் துப்பாக்கியும் இல்லை. ஆனால் பெள்ளியப்பா தன் வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து ஒன்று வைத்தார். கிழவருக்குப் புத்தி பேதலித்ததா என்று ஊர் ஓடிவந்தது. "என் புள்ளைக்கு அவன் ரெண்டு வெச்சான். அவன் புள்ளைக்கு நான் ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்று, கோப்பைத் தேடுவது போல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நீங்கள் அழுததை நாங்கள் பார்த்தோம் அம்மா. பார்க்காதது போல இருந்தோம்.

அருமைத் தலைவியே! உங்கள் வெற்றிகளை அடுக்க இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்தில் இடம் போதாது. தோற்ற வழக்குகளையும் நீங்கள் மறந்ததில்லை. தண்டனை பெற்றவர்களைப் பார்க்க மாதம் தவறாமல் சிறைக்குப் போனீர்கள். நாளை முதல் உங்கள் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்களுக்கு அது காலியாகத்தான் தெரியும். இதை அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. நீங்கள் போவது எங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. இந்த மண்டபத்தின் முற்றத்தில், கறுப்புக் குப்பாய அங்கி அணிந்து பெள்ளியப்பா தன் துப்பாக்கியோடு நிற்கிறார். பக்கத்தில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாச்சப்பா. வெடி வைக்கக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி வந்தவர் வேறு யாருமில்லை, நம் ஷரணப்பாதான்.

எத்தனை வைப்பீர்கள் என்று நான் கேட்டதற்குப் பெரியவர் முறைத்தார். "ரிட்டையர் ஆனா செத்தாப் போயிட்டாங்க? ஒண்ணுதான்."

நான் இதை வாசித்து முடித்ததும் அந்த ஒன்று கேட்கும். பன்றிக்கென்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மத்தியில் நீங்கள் பிறந்துவிட்டீர்கள் என்று ஊருக்குச் சொல்கிறோம். குன்றாத உடல்நலமும் குறையாத மனநிறைவும் பெற்று, பேரன் பேத்திகளோடு நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும். மற்ற இரண்டும் இந்த மலையில் யார் காதிலும் விழாமலே வெகுகாலம் போக வேண்டும்.

என்றென்றும் உங்கள் அதட்டலுக்குக் காத்திருக்கும்,
சட்ட உதவி அலுவலகத்தார்,
மடிக்கேரி.