ஏழாம் நாள் அளவு

எங்கள் ஆய்வகத்தில் வாட்ச்மேன் கண்ணையனைப் போல நேரத்துக்கு வருகிறவர் யாருமில்லை. மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வருவார். மில்லில் இருபது வருஷம் ஷிப்டு பார்த்த பழக்கம் என்பார். அதனால் 2008 ஜூலையில் அவர் தொடர்ந்து இரண்டு நாள் நேரம் தவறி வந்ததும் நான் கவனித்துவிட்டேன். இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தார். சர்க்கரைப் புண்.

"ரெண்டு விரல எடுக்கணும்ங்கறாங்கம்மா. நொண்டிய யாரு வேலைக்கு வச்சுப்பாங்க?" என்றார்.

என் வேலையை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். இரண்டு ஊசிக்குழல்களில் தண்ணீர் போன்ற இரண்டு திரவங்கள். கலந்தால் அரை நிமிஷத்தில் நுங்கு போன்ற ஜெல்லாக உறைந்துவிடும். ஒன்றில் இருக்கும் மூலக்கூறு மற்றதில் இருக்கும் தன் ஜோடியை மட்டுமே பிடிக்கும், சதையோடு சேராது. புண்ணின் பள்ளத்தை நிரப்பி ஈரம் காக்கும். அந்த வேகத்துக்குக் கொஞ்சம் செம்பு உப்பு வேண்டும். கண்ணாடித் தட்டில் செய்தால் மூன்று நாள் கழுவி அந்தச் செம்பை எடுத்துவிடுவோம். கழுவாத ஜெல்லில் வைத்த செல்கள் இரண்டு நாளில் செத்தன. அதையும் என் நோட்டில் எழுதியிருக்கிறேன். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. ஆனால் புண்ணுக்குள்ளேயே உறைகிற ஜெல்லைக் கழுவ முடியாது.

செம்பில்லாமல் செய்யவும் வழி உண்டு. அதற்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும். டிசம்பரோடு திட்டத்தை மூடுவதாகக் கடிதம் வந்திருந்தது. எலியில் சோதிக்க அனுமதி கேட்டு எட்டு மாதமாகியும் பதில் இல்லை. ஆறு வருஷ உழைப்பு. என் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள்.

கண்ணையன் மருந்து கேட்டார் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. உங்கள் புண்ணில் போட்டுப் பார்க்கட்டுமா என்று நான்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சின்னப்பாப்பா என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டாள். என் பட்டம் வேதியியலில். அதை விளக்க வாய்ப்பு வரவில்லை. புண்ணில் திரவத்தை விட்டேன். இருபத்தெட்டு நொடியில் உறைந்தது. குளுகுளுவென்று இருப்பதாகச் சொல்லிக் கண்ணையன் சிரித்தார்.

தினமும் போய் அளந்தேன், படம் எடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். புண்ணின் ஓரம் கறுத்தது. நான்காம் நாள் சின்னப்பாப்பா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடட்டுமா டாக்டரம்மா? எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க சொன்னா சரி."

ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக ஜெல்லைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். ஒரு வாரக் கணக்கு இல்லாவிட்டால் எந்த ஆய்விதழும் கட்டுரையை எடுக்காது. இன்னும் மூன்று நாள் பொறுக்கச் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய் வெந்நீர் வைத்தாள்.

ஐந்தாம் நாள் கண்ணையனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பழைய மில் மேஸ்திரி வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். "இன்னைக்கி ஒரு நாளு லீவு குடுங்க மேஸ்திரி, முடியல" என்று கும்பிட்டார். கொடுத்தேன் என்றேன். வேறு என்ன செய்ய முடியும்? அளவு டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆறாம் நாள் மதியம் போய்விட்டார்.

மறுநாள் காலை சாமியானா போட்டிருந்தார்கள். குளிப்பாட்ட இன்னும் எடுக்கவில்லை. நான் கால்மாட்டில் மண்டியிட்டு, இடது பாதத்தைத் தொட்டு, தலையைத் தாழ்த்தினேன். வாட்ச்மேன் காலில் விழுகிறாளே, பெரிய மனசு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சின்னப்பாப்பா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். முந்தானையின் மறைவில் கட்டுத் துணியை விலக்கிப் பார்த்தேன். ஜெல்லில் ஒரு விரிசல்கூட இல்லை. ஒரு துண்டை எடுத்துச் சிறு குப்பியில் போட்டுக்கொண்டேன். ஏழாம் நாள் அளவு அதுதான்.

கட்டுரையில் முயலின் புண்ணில் சோதித்ததாக எழுதியிருந்தேன். அவர் பாதத்தின் படங்களை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், இனி மறுக்க ஒன்றுமில்லை. செம்பு இருப்பது தெரிந்தே போட்டேன், சாகப்போகிறார் என்று தெரிந்தே ஆஸ்பத்திரிக்கு விடாமல் நிறுத்திவைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் கும்பிட்டது நிஜமாகவே கும்பிட்டதுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.