பூமிதர் தாயம்மாள்

மயூர் விஹாரில் இப்போது நல்ல முளைக்கீரை கிடைப்பதில்லை. சந்தையிலிருந்து வருவது ஈரச் சாக்குபோல் இருக்கிறது, கடைந்தால் ஒரு கரண்டி தேறாது. தாயம்மாளின் தோட்டம் போனதில் எனக்கும் நஷ்டம் உண்டு என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன், சிந்து.

முந்தாநாள் நீ வந்து, "ராமமூர்த்தி அங்கிள், கேம்ப்ல என்ன நடந்ததுன்னு எழுதிக் குடுங்க, அப்பீலுக்கு வேணும்" என்றாய். வக்கீல் ஆனாலும் எனக்கு நீ மூன்றாவது மாடி உஷாராணியின் மகள்தான், மறுப்பேனா? முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன், ஹிந்தியிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் உண்மையை எழுத உட்கார்ந்தால் எனக்குத் தமிழில்தான் வருகிறது.

தாயம்மாள் திண்டிவனத்துக்காரி. யமுனைக் கரையில், பாலத்தை ஒட்டிய அரை ஏக்கரில் முப்பது வருஷமாகக் கீரை போட்டு நம் காலனியின் ரத்தசோகையைத் தீர்த்துவந்தவள். நிலம் அரசாங்கத்துடையது. எந்தக் காலத்திலோ ஒரு விவசாயச் சங்கம் அதை அவளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்தக் காகிதத்தின் தலைப்பில் ஹிந்தியில் 'பட்டா' என்று இருக்கிறது. வேடிக்கை அங்கேதான். நம் ஊரில் பட்டா என்றால் நிலம் சொந்தம். இங்கே பட்டா என்றால் வெறும் குத்தகை. அவளுக்கு ஹிந்தி பேச வரும், படிக்க வராது. யாரோ தலைப்பை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் அதை லேமினேட் செய்து மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷமாக மனசுக்குள் மிராசுதாரிணி. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

போன ஆடியில் நம் பிளாக் வாசலில் நிலத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். நல்லெண்ணத்தில்தான், "நீங்க இருக்கறது புறம்போக்கும்மா" என்றேன். பொது நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்த பெயர் அது. அவள் கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீதான்யா பொறம்போக்கு" என்றாள்.

உன் அம்மா சிரித்தாள். பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல் சார் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நம் பிளாக் சின்னப் பிள்ளைகளுக்கு அம்மா, அப்பா தவிரத் தமிழில் ஒரு வார்த்தை வாயில் நுழையாது, ஆனால் லிஃப்டில் என்னைப் பார்த்து 'புறம்போக்கு அங்கிள்' என்று சொல்லும்போது வல்லின றகரம் சுத்தமாக வந்தது. எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஒரு வாரத்தில் மறந்தும் விட்டேன்.

எட்டு மாதமும் பதினோரு நாளும் கழித்து, நதிக்கரை நிலத் தகராறுகளைத் தீர்க்கும் முகாம் வந்தது. விதியைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், இரண்டு முறை படித்தேன். குத்தகைக்குப் பயிர் செய்தவர்களுக்கு மாற்று நிலம் கிடைக்கும். அரசாங்க நிலத்தைத் தனக்குச் சொந்தம் என்று கோருபவர்களுக்கு ஒன்றும் கிடையாது, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

தாயம்மாள் அதற்கு முந்தின நாளே வீட்டுக்கு வந்திருந்தாள். "நம்ம ஆளு ஒருத்தரு பக்கத்துல நின்னா தெம்பா இருக்கும் சார்" என்றாள். திட்டியது அவளுக்கு நினைவிலேயே இல்லை. கொண்டுவந்த முளைக்கீரையை வாங்கி உள்ளே வைத்தேன்.

முகாமில் இருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. என்ன ஆதாரம் இருக்கிறது என்று ஹிந்தியில் கேட்டார். தாயம்மாள் காகிதத்தை நீட்டி, "பட்டா" என்றாள். இந்த இடத்தை நீ கவனிக்க வேண்டும், சிந்து. அவள் சொன்னது சொந்தம், அவர் காதில் விழுந்தது குத்தகை. அவருடைய பேனா படிவத்தில் சரியான கட்டத்தின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தப்பாகப் புரிந்துகொண்டு காரியம் சரியாக முடிந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் தொழில் புத்தி போகுமா? தமிழில் பட்டா என்றால் குத்தகை அல்ல, இந்த அம்மாள் தன்னைப் பூமிதர் என்று கோருகிறார் என்று அதிகாரிக்கு விளக்கினேன். பூமிதர் என்றால் நில உடைமையாளர். அலுவலகச் சொல், கீரை விற்கிறவர்கள் காதில் விழாதது. பேனா அந்தரத்தில் நின்றது. நிச்சயமாகவா என்று கேட்டார். நான் தாயம்மாள் பக்கம் திரும்பி, நிலம் உங்களுடையதுதானே என்று கேட்கிறார் என்றேன்.

"ஆமா சார். பின்ன யாருது?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பேனா பக்கத்துக் கட்டத்துக்குப் போனது. தாயம்மாள் ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், "நீங்க மட்டும் வரலைன்னா என்னா ஆயிருக்கும் சார்" என்று கும்பிட்டாள். அதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் புல்டோசர் வந்தது. என் பால்கனியிலிருந்து நன்றாகத் தெரியும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் ஓட்டுநரிடம் காகிதத்தைக் காட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தாள். இப்போது மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், படித்தவர்போல் தெரிகிற எல்லோரிடமும் அதை நீட்டுகிறாள். என்னிடம்கூட நீட்டினாள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே, விதி எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன். பழிவாங்க அல்ல, வார்த்தை பிசகக் கூடாது என்பதற்காக. நான் சொன்னதில் ஒரு சொல் தவறென்று யாரும் காட்ட முடியாது.

அப்பீலுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள் என்றாய். உனக்குத் தமிழ் படிக்க வராது, உன் அம்மா திருச்சியிலிருந்து திரும்ப ஒரு மாதம் ஆகும். போனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பலாம் என்றால், என் கையெழுத்தை என் மனைவியாலேயே கடைசிவரை படிக்க முடிந்ததில்லை. கவலைப்படாதே, நாளைக்குக் காலையில் வா. நானே மொழிபெயர்த்து, கீழே மொழிபெயர்ப்பாளர் கையொப்பமும் போட்டுத் தருகிறேன். ஹிந்தியில் இது இவ்வளவு நீளம் வராது.