யார் எழுதிய வரி என்று அது சொல்லவில்லை

அன்பால் அவையை ஆளும் தலைவர் அம்மையார் அவர்களே! கணினி நிரல் எழுதியே நரைத்துப்போன மூத்தோர்களே! மடியில் பிள்ளையையும் மடிக்கணினியையும் ஒருசேரத் தாங்கும் தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்துகொண்டே மொபைலைப் பார்க்கும் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கணினித் திரையில் வரும் பிழைச் செய்தியை எழுதியவனுக்குப் பரிசா? என் மனைவியே கேட்டாள். "நாலு வரி எழுதினதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

அந்த நாலு வரிக்குப் பின்னால் என் அக்கா இருக்கிறாள், அவையோரே! ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை. பேருந்து நிறுத்தங்களில், "அடுத்த பஸ் ரெண்டு நிமிஷத்துல வரும்" என்று பார்வையற்றவர்களுக்கு அறிவிக்கும் குரலுக்கு நாங்கள் இருவரும் நிரல் எழுதினோம். ஒருநாள் எங்களுக்குள் வாய்ச்சண்டை. "எப்பவும் நீ சொல்றதுதான் சரின்னு நிக்காதடா!" என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பலர் எழுதுவதை ஒன்றாக இணைக்கும் மென்பொருளில் என் வேலையைச் சேர்க்கப் போனேன். ஒரே வரியை இருவர் மாற்றியிருந்தால் வரும் செய்தி திரையில் சிவப்பாக வந்தது: "மோதல். இணைப்பு தோல்வி." யாரோடு மோதல்? சொல்லவில்லை. அவர் ஏன் மாற்றினார்? சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? சொல்லவே இல்லை! மதியத்துக்குள் முடிக்கும் அவசரத்தில், "என்னுடையதை வை" என்பதை அமுக்கிவிட்டேன். "மோதல் தீர்ந்தது" என்று பதிவேட்டில் என் பெயரால் அதுவே எழுதிக்கொண்டது.

அழிந்தவை அக்கா மூன்று வாரம் உழைத்து எழுதிய வரிகள். நான் குரலின் சத்தத்தைக் கூட்டியிருந்தேன். அவளோ, வயதானவர்களுக்கும் புரியட்டும் என்று வேகத்தைக் குறைத்திருந்தாள். சொல்லுங்கள், ஒரு குரல் சத்தமாகவும் நிதானமாகவும் பேசக் கூடாதா? பேசலாம் என்கிறீர்கள். எனக்கு அது உறைப்பதற்குள் அவள் பதிவேட்டைப் பார்த்துவிட்டாள்.

"சண்டைன்னா என்கிட்ட போட்டிருக்கலாமே. என் வேலைய ஏன்டா அழிச்ச?"

வரிகளை மீட்டுவிட்டேன், அதற்கு ஒரு நிமிடம் போதும். தம்பி வேண்டுமென்றே செய்தான் என்று அவள் நம்பிவிட்டாளே, அதை எங்கே போய் மாற்றுவது? "தெரியாமப் பண்ணிட்டேன்க்கா" என்று ஒரு சொல் சொன்னேனா? ரோஷம்! அவள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். ஆறு வருடம் ஆகிறது.

ஏங்குகிறேன், அவையோரே! அவள் நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். "டேய், சாப்டியா?" என்று என் பக்கம் திரும்பத்தான் ஒருவரும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்கிறேன். சத்தமாகவும் பேசுகிறது, நிதானமாகவும் பேசுகிறது. பஸ் வந்தாலும் ஏறாமல் இன்னொரு தரம் கேட்கிறேன்.

அந்த ஏக்கத்தில், அதே மென்பொருளின் சிவப்புச் செய்திக்குப் பதிலாக எழுதியதுதான் நீங்கள் பாராட்டும் செய்தி. வாசிக்கிறேன்: "இந்த வரிகளை நீங்களும் மாற்றியிருக்கிறீர்கள், உங்கள் சக ஊழியரும் மாற்றியிருக்கிறார். அவர் பெயரும், மாற்றிய காரணமும் கீழே உள்ளன. இன்னும் எதுவும் அழியவில்லை. இரண்டையும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். புரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள்."

என்ன சொல்கிறீர்கள் அங்கே? நீளமா? இருக்கட்டுமே! தவறியவனைத் தலைகுனிய வைக்கும் செய்தி வேண்டுமா, தடுமாறுபவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் செய்தி வேண்டுமா? சிவப்பெழுத்தில் சீறுவதா, சேர்ந்து வாழச் சொல்லிக்கொடுப்பதா? கை தட்டுகிறீர்கள். தட்டாதீர்கள், எனக்கு அந்தத் தகுதி இல்லை. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு "அவரிடமே கேளுங்கள்" என்று எழுதினேன், என் அக்காவிடம் இன்றுவரை பேசவில்லை.

தலைவர் அம்மையார் பொறுத்தருள வேண்டும், பரிசைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். அவள் எண் என்னிடம் இருக்கிறது. எடுப்பாளா, தெரியாது. எடுத்தால் சொல்லப்போவது இதுதான்: "அக்கா, யாரோடதுன்னு பாக்காமலே அழிச்சிட்டேன். உன்ன நோகடிக்கணும்னு செய்யல. நீ இல்லாம முடியலக்கா."

இவ்வளவு நேரம் செவிகொடுத்த உங்களுக்கு நன்றியும் வணக்கமும். கொஞ்சம் வழி விடுங்கள், நான் வெளியே போய் அவளைக் கூப்பிட வேண்டும்.